ரயில் ஏறிய வாடிக்கையாளரும் உங்கள் வாடிக்கையாளர்தான்: வேலூர்ச் சிறுதொழில்களுக்கு இணைய வழிகாட்டி

வேலூரில் கடை வைத்திருப்பவருக்குப் பல ஊர்களில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெளியூர்க்காரரைத் தேடி அவர் போக வேண்டியதில்லை. வெளியூர்க்காரரே வந்து இறங்குகிறார். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனப் பல இடங்களிலிருந்து நோயாளிகளும் உறவினர்களும் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். விஐடியில் படிக்கும் பிள்ளைகள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்களும் உண்டு.

இவர்கள் லாங் பஜாரில் துணி எடுக்கிறார்கள், ஆம்பூர்ச் செருப்பு வாங்குகிறார்கள், ஆற்காடு மக்கன் பேடாவைச் சுவைத்துவிட்டு ஊருக்கும் ஒரு டப்பா கட்டச் சொல்கிறார்கள். பிறகு காட்பாடியில் ரயில் ஏறிவிடுகிறார்கள். அத்துடன் அந்த உறவு அறுந்துபோகிறது. பொருள் பிடித்திருந்தும், மறுபடியும் வாங்க மனம் இருந்தும், கடையின் பெயர்கூட அவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

இணையத்தால் சிறு வணிகருக்குக் கிடைக்கும் முதல் பயன் இந்த உறவை அறுந்துபோகாமல் காப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முகம் தெரியாத லட்சம் பேருக்கு விளம்பரம் போடுகிறார்கள், பெரிய விற்பனைத் தளத்தில் கடை விரிக்கிறார்கள், விலைப் போட்டியில் மூச்சு முட்டிப்போய், இது நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிடுகிறார்கள். உங்களை ஏற்கெனவே அறிந்தவரிடமிருந்து தொடங்கினால் செலவும் குறைவு, பாடமும் சீக்கிரம் கிடைக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், இப்போதுதான் இந்தப் பக்கம் கால் வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், முதல் வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டு

கைபேசியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், கடைக்கு வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு விஷயங்கள்: எந்த ஊர், என்ன வாங்கினார், எப்படி நம் கடையைத் தெரிந்துகொண்டார், மறுபடி வேண்டுமானால் எப்படி வாங்குவார். எல்லோரும் சொல்ல மாட்டார்கள். சொல்கிறவர்களின் பதிலே போதும்.

விருப்பப்பட்டுத் தருகிறவர்களிடம் மட்டும் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: 'புதுச் சரக்கு வந்தால் மாதம் ஒரு முறை படம் அனுப்புவேன், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன்.' இது மரியாதை மட்டுமல்ல. தனிநபர்த் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்டது. மருத்துவமனைக்கு வந்தவரிடம் நோயைப் பற்றி எதையும் குறித்து வைக்காதீர்கள். அது உங்களுக்குத் தேவையில்லை. வெளியே போனால் அவருக்குத் தீராத சங்கடம்.

மாத முடிவில் அந்த நோட்டு உங்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்லும். குடியாத்தம் லுங்கி விற்கிறவருக்கு அதிகம் வாங்குவது உள்ளூர்க்காரரா, வங்காளிக் குடும்பங்களா என்று தெரியவரும். விடுதி நடத்துகிறவருக்கு அறைகளை நிரப்புவது முன்பதிவுத் தளமா, ஏற்கெனவே தங்கிப்போனவர் தன் ஊர்க்காரருக்குச் சொன்ன வார்த்தையா என்பது புலப்படும். அடுத்த படிகள் எல்லாவற்றையும் இந்த நோட்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது: வரைபடத்தில் உங்கள் இடம்

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. 'நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை நீக்கப்படும்' என்று யாராவது அழைத்தால் அது மோசடி.

முதலில் உங்கள் கடை அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்திருக்கலாம். இருந்தால் அதையே உங்கள் பெயருக்கு உரிமை கோருங்கள். இரண்டாவதாக ஒன்றைத் தொடங்கினால் மதிப்புரைகள் இரண்டாகப் பிரிந்துபோகும். பெயர்ப் பலகை, ரசீது, வரைபடம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் கடையின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். குடியாத்தம், ஆரணி போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எனவே கடையைப் பற்றிய விவரக்குறிப்பில் வழக்கத்தில் உள்ள வடிவங்களைச் சேர்த்துவிடுங்கள். தேடுகிறவர் எப்படி எழுதினாலும் கண்டுபிடிக்க வேண்டும்.

திறக்கும் நேரம், மூடும் நேரம், பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் மாறும் நேரம் ஆகியவற்றை உண்மையாகப் போடுங்கள். வெயிலில் ஆட்டோ பிடித்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால், அந்தக் கோபம் மதிப்புரையாக ஆண்டுக்கணக்கில் அங்கே நிற்கும். படங்களில் கடை முகப்பு ஒன்று கட்டாயம். அருகில் உள்ள அடையாளமும் அதில் தெரிந்தால், ஊருக்குப் புதியவருக்கு வழி கேட்கும் வேலை மிச்சம்.

மதிப்புரைகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வாடிக்கையாளரிடம் நேரில் கேளுங்கள், அவர் தம் மொழியில் எழுதட்டும். வங்காள மொழியில் வந்த ஒரு நேர்மையான மதிப்புரை, மால்டாவிலிருந்து கிளம்பும் அடுத்த குடும்பத்துக்கு எந்த விளம்பரமும் தராத தைரியத்தைத் தரும். குறை சொல்லி எழுதியவருக்கும் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்லர், நாளை வர யோசிக்கிற நூறு பேர்.

மூன்றாவது: வாட்ஸ்அப் பிசினஸ்

இதற்கென்று தனி எண் எடுத்துவிடுங்கள். வீட்டு எண்ணையே வைத்துக்கொண்டால் இரவு பதினொரு மணிக்கும் வியாபாரம் வீட்டுக்குள் வந்து உட்காரும். நாளை கடையை மகன் பார்த்துக்கொள்ளும்போது எண்ணைக் கைமாற்றவும் முடியாது.

பொருள் பட்டியலில் எல்லாச் சரக்கையும் ஏற்ற முயல வேண்டாம். நோட்டில் அதிகம் விற்ற பத்துப் பொருள் போதும். ஒவ்வொன்றுக்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், அளவு, விலை, அஞ்சல் செலவு. விலையை மறைத்து, 'விலைக்குத் தொடர்புகொள்ளவும்' என்று எழுதுவது தொலைவில் இருப்பவரைத் துரத்தும் வழி. லுங்கி என்றால் நீள அகலம், நூல் வகை, சாயம் போகுமா போகாதா என்பதை எழுதுங்கள். செருப்பு என்றால் அளவைக் காட்ட, காலடியில் காகிதம் வைத்துக் கோடு போட்டு நீளம் அளக்கச் சொல்லுங்கள். எண்ணைவிடச் சென்டிமீட்டர் நம்பகமானது.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி உதவும், ஆனால் அந்த மொழி அறிந்த ஒருவரிடம் ஒரு முறை காட்டிச் சரிபாருங்கள். விடுதிகள் நிறைந்த தெருவில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார்.

ஒளிபரப்புப் பட்டியல் வழியாக ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பலாம். உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கே அது போய்ச் சேரும். ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரே குழுவில் சேர்ப்பது பெரிய தவறு. ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும். போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தால் பட்டியல் முழுதும் போயிற்று. மாதம் ஒரு செய்தி, பண்டிகைக்கு இன்னொன்று, அதற்கு மேல் வேண்டாம். தினமும் காலை வணக்கம் அனுப்புகிற கடையின் எண்ணை மக்கள் முடக்கிவிடுகிறார்கள்.

நான்காவது: பணம் வாங்குவது

2016இல் வந்த யுபிஐ இன்று தள்ளுவண்டி வரை வந்துவிட்டது, எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வரவை அறிவிக்கும் ஒலிப்பெட்டி சொல்ல வேண்டும், அல்லது உங்கள் கணக்கில் வரவு தெரிய வேண்டும். பணம் பெறுவதற்கு நீங்கள் ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவை எந்நாளும் இல்லை. 'பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்பவர் திருடர். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

ஐந்தாவது: காகிதங்கள்

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். கட்டணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும்; கவனம். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். கடன், மானியத் திட்டங்களைப் பற்றியும் அங்கேயே விசாரித்துவிடலாம்.

ஜிஎஸ்டியில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம் என்பது பொதுவான விதி. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் பொருள் அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். அங்கே அனுப்பினால் உள்மாநில விற்பனை. கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரம்; பக்கத்தில் இருக்கும் சித்தூருக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாலும் வெளிமாநில விற்பனை. கொல்கத்தா வாடிக்கையாளரைத் தக்கவைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் பார்சலுக்கு முன்பே கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.

பதிவு இல்லாதவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவெண் மட்டும் பெற்று, இணைய விற்பனைத் தளங்கள் வழியாகத் தம் மாநிலத்துக்குள் பொருள் விற்கலாம்.

உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். விடுதி நடத்துகிறவர்கள், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியே தகவல் தெரிவிக்க வேண்டும், வங்கதேசத்துக்காரர் உட்பட. பழகிய முகம், போன முறையும் வந்தவர் என்று விட்டுவிடக் கூடாது.

ஆறாவது: பார்சல்

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மக்கன் பேடா பாகில் ஊறும் பண்டம். மூடி இறுக்கமாக இல்லையென்றால் பாகு கசிந்து பெட்டி ஈரமாகிக் கிழியும். கோடையில் இரண்டு நாள் கூடுதலாகப் போனால் சுவை கெடும். எனவே வியாபாரமாக அனுப்பும் முன், சென்னையில் ஒரு உறவினருக்கும் தொலைவில் ஒருவருக்கும் அனுப்பிப் பாருங்கள். திறந்தவுடன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெடாமல் எவ்வளவு தூரம் போகிறதோ அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் இருப்பவர் எவ்வளவு கெஞ்சினாலும் அனுப்பாதீர்கள்.

கரிகிரி மண்பாண்டம் போன்றவற்றுக்கு, பெட்டிக்குள் பெட்டி வைத்து நடுவில் வைக்கோலோ காகிதமோ திணிக்க வேண்டும். துணிக்கு அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் நாட்டின் சிறு ஊர்கள் வரை போகிறது. தனியார் கூரியர் எட்டாத கிராமத்து வாடிக்கையாளர்கள் நமக்கு நிறைய உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் கடைப் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் கொண்ட ஒரு சீட்டு இருக்கட்டும். அனுப்பிய அன்றே கண்காணிப்பு எண்ணை அனுப்பிவிடுங்கள். 'எங்கே என் பொருள்' என்ற கேள்வி வருவதற்கு முன் பதில் போயிருக்க வேண்டும்.

ஏழாவது: பெரிய தளங்களில் விற்பதா?

விற்கலாம். ஆனால் முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். எண்களுக்குப் பதில் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லுங்கியின் விலை 450 ரூபாய். அடக்க விலை 300, தளத்தின் கமிஷனும் கட்டணமும் 70, அஞ்சல் 55, உறை 12. மொத்தம் 437. மீதி 13 ரூபாய். பத்தில் ஒன்று திரும்பி வந்தால், போகவர அஞ்சலும் உறையும் சேர்த்து 122 ரூபாய் நட்டம். மற்ற ஒன்பதில் கிடைத்த லாபம் 117. பத்து லுங்கி விற்று, கைக்காசு ஐந்து ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

அதே லுங்கியைப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்றாகக் கேட்கிறார் என்று வையுங்கள். வரவு 1350. அடக்கம் 900, அஞ்சல் 90, உறை 15. மீதி 345. தளத்தில் வாங்கியவர் யார் என்பதே உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அவர் தளத்தின் வாடிக்கையாளர். வாட்ஸ்அப்பில் கேட்டவர் உங்களுடையவர். இதனால்தான் நோட்டை முதலில் வைத்தேன்.

தளங்களைப் புதியவர்கள் உங்களைக் கண்டுகொள்ளும் இடமாக மட்டும் பயன்படுத்துங்கள். சரக்கு முழுவதையும் அங்கே கொட்டாமல், திரும்பி வராத, அளவுத் தகராறு இல்லாத இரண்டு மூன்று பொருள்களை வையுங்கள். மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓஎன்டிசி பிணையத்தையும் விசாரித்துப் பாருங்கள். அது தனி ஒரு கடை அல்ல. ஒரு செயலியில் பதிந்த விற்பனையாளரை வேறொரு செயலியில் வாங்குபவர் காணச் செய்யும் பொதுப் பிணையம். கமிஷன் எந்தச் செயலி வழியாகச் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும், ஒப்பிட்டுச் சேருங்கள். அரசு அலுவலகங்களுக்கு விற்கக்கூடிய பொருள் செய்கிறவர்களுக்கு 2016இல் தொடங்கிய ஜெம் தளம் இருக்கிறது.

எட்டாவது: எதில் போட்டி போடுவது

விலையில் போட்டி போடாதீர்கள். சூரத்திலும் திருப்பூரிலும் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்பவரை, பத்துத் தறி வைத்திருப்பவர் விலையில் வெல்ல முடியாது. இந்த மண்ணில் மட்டும் கிடைப்பதை முன்னால் வையுங்கள். ஆரணிப் பட்டுக்கு, ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்று காட்டும் புவிசார் குறியீடு இருக்கிறது. 2023இல் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயும் அதைப் பெற்றது. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டால் எல்லோரும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; தவறு. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். பதிந்தவர் அந்தச் சான்றைப் படமாகப் போடட்டும். போலி ஆரணிப் பட்டு இணையமெங்கும் கிடக்கும்போது, தறியில் புடவை வளரும் இருபது நொடிக் காணொளியும் அந்தச் சான்றும் சேர்ந்து பேசுவதை எந்தத் தள்ளுபடியாலும் பேச முடியாது.

தோல் தொழிலில் போட்டியின் களமே மாறிவிட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிச் சரக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. உடம்பில் படும் தோல் பொருள்களுக்கு 2015 மே 1 முதல் அங்கே இதுவே சட்டம். பதனிடும்போது சேர்ப்பது மூன்று இணைதிறன் குரோமியம்தான். பொருத்தமில்லாத கொழுப்பு எண்ணெய், வெப்பம், சேமிப்பின் குறைகள் ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி ஆக்சிகரணமாகித் தீங்கான வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறையும், தோல் எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தேதியில் வந்தது, பரிசோதனை அறிக்கை எங்கே என்று காட்டத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எண், அந்த எண்ணில் ஒரு கோப்பு, அதில் சோதனைச் சான்றின் படம். கேட்ட பத்தாவது நிமிடத்தில் அனுப்புகிற பட்டறைக்கே அடுத்த ஆர்டர் போகும். நேரடி ஏற்றுமதிக்குப் போகிறவர்கள் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண்ணை இணையத்திலேயே பெறலாம்; கட்டணம் 500 ரூபாய்.

தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யுங்கள். ஒரே தெருவில் இருக்கும் ஐந்து லுங்கிக் கடைகள் சேர்ந்து ஒரே நேரத்தில் பார்சல் கொடுத்தால் கூரியர்காரர் விலை குறைப்பார், வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்வார். படம் எடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ ஐவரும் பகிர்ந்து சம்பளம் கொடுத்து வைக்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடிய காலத்திலிருந்தே, வெளியே போகும் வண்டியை நிரப்பத் தெரிந்தவர்களுக்கே வழி லாபம் தந்திருக்கிறது.

ஒன்பதாவது: வராத பணம்

தொலைவில் உள்ள நிறுவனங்களோடு வணிகம் பெருகும்போது நிலுவையும் பெருகும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, பொருள் வாங்கியவர், கெடு தாண்டிய தொகையைத் தாம் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். எனவே ரசீதிலேயே உத்யம் எண்ணை அச்சிடுங்கள். நிலுவைக் கடிதத்தில் இந்த இரண்டையும் பணிவாகக் குறிப்பிட்டாலே பல கணக்குப் பிரிவுகள் அசைந்து கொடுக்கும். அசையவில்லையென்றால், இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்கும் மாநில வசதி மன்றத்தில் இணையவழியே முறையிடலாம்.

கடைசி வேலை: சாவி யாரிடம்?

வரைபடப் பதிவு, வாட்ஸ்அப் எண், விற்பனைத் தளக் கணக்கு எல்லாம் கடையின் சொத்து. அமைத்துக் கொடுத்த பையனின் மின்னஞ்சலில் அவை இருந்தால், அவன் வேலையை விட்டுப் போகும் நாளில் கடையும் கூடவே போகும். எல்லாவற்றையும் உங்கள் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். மாதம் ஒரு முறை வாடிக்கையாளர் பட்டியலை நோட்டிலோ கணினியிலோ நகல் எடுத்து, கடையில் அல்லாமல் வீட்டுப் பீரோவில் வையுங்கள். கணக்குகளின் விவரத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவருக்கு அது இருக்கும் இடத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.